ரேகை

நாளை பதினொன்று இருபதுக்கு
லீட்ஸ் நூலகத்தின் இரண்டாம் மாடியில்
உன் விரல்களைக் கேட்டிருக்கிறார்கள், ஷெர்லின்.

ஹல்லில் காசு கட்டினால்தான் நேரம்.
காசில்லாத நேரம் லீட்ஸில்.
அதையும் நள்ளிரவு தாண்டி, கண்ணெரிய,
பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பிடித்தேன்.
ரயில் டிக்கெட்டைக் கழித்தால்
மிச்சம் நாலு பவுண்டு.
அதற்கும் உனக்குக் கையுறை வாங்கிவிட்டேன்.

பாத்திரத்தில் கை வைக்காதே என்றேன்.
பூண்டு உரிக்காதே.
பத்து விரலிலும் வாசலின் தடவி
வெள்ளைப் பருத்தி மாட்டி
சோபாவில் உட்கார்ந்திருக்கிறாய்,
மார்த்தாண்டம் ஜங்ஷனில் நிற்கும்
போக்குவரத்துப் போலீஸ் மாதிரி.
கை காட்டினால் நிற்கிறேன்,
கை காட்டினால் டீ போடப் போகிறேன்.

ஒரு ஷிப்டுக்கு எத்தனை முறை கை கழுவுகிறாய் என்று
ஒருநாள் எண்ணிவரச் சொன்னேன்.
நாற்பதோடு விட்டுவிட்டேன் என்றாய்.
ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்து ஒருமுறை,
மாத்திரைக்கு முன்னால், மாத்திரைக்குப் பின்னால்,
டோரத்தியின் பல்செட்டைக் கழற்றி வாங்கியதும்.
இப்படி மூன்று வருடம்.
இப்போது உன் போனே உன்னை நம்புவதில்லை,
ஆறு இலக்கம் கேட்கிறது.

கடவுச்சீட்டு. அச்சடித்த கடிதம்,
அதில் சதுரமாய் ஒரு கறுப்புக் கட்டம்.
வாடகை ஒப்பந்தம். கல்யாணச் சான்றிதழ்,
அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் கையெழுத்து.
படிவத்தில் நான் 'சார்ந்திருப்பவர்'.
எல்வினும் அதேதான்.
அவனுக்கு ஒன்பது மாதம்,
ஐந்து வயதுவரை விரல் வேண்டாமாம், முகம் போதும்.
வீட்டில் மூன்று பேர்.
ரேகை முழுசாக இருப்பவன் அவன் ஒருவன்தான்,
அவனிடம் கேட்கவில்லை.

அவனிடம் கேட்பது வேறு:
கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும்,
சிரிக்கக் கூடாது.
மாலை முழுக்கப் பழக்கினோம்.
நீ கையுறையை உயர்த்தும்போதெல்லாம்
ஈறு தெரியச் சிரிக்கிறான்.

பத்து மணிக்கு உன் அக்கா செலின் அழைத்தாள்.
அங்கே விடியற்காலை, முந்திரி ஆலைக்குக் கிளம்புகிறாள்.
கொட்டைப் பால் பட்டு அவள் விரலும் மொழுக்கென்றாகி
ரேஷன் கடைக் கருவி மாதாமாதம்
அவளை இல்லையென்று சொல்லும்.
"தலையில தேச்சிட்டு வையி மக்களே,
எண்ணெ பிடிச்சாத்தான் அது பாக்கும்."
நீ சிரித்தாய்.
அங்கே எண்ணெய் தடவக் கூடாதென்று
கடிதத்தில் போட்டிருக்கிறது என்றாய்.
நானும் பார்த்தேன், போட்டிருந்தது.

மறுநாள்
சமையல் புத்தக அலமாரிக்குப் பின்னால்
ஒரு மேசை, ஒரு கேமரா, பச்சைக் கண்ணாடி.
காலம் என்ற பையன், கழுத்தில் அடையாள அட்டை.
இடது நான்கு விரல். சிவப்பு.
இன்னொருமுறை. சிவப்பு.
கொஞ்சம் அழுத்துங்கள். அழுத்தினாய்,
நகம் வெளுக்க அழுத்தினாய். சிவப்பு.
"ரொம்பக் காய்ந்திருக்கிறது" என்றான்,
தன் மேல் தப்பு என்பதுபோல.

நீ என்னைப் பார்க்கவில்லை.
என் மடியிலிருந்த எல்வினின் தலையை,
காலையில் தேங்காயெண்ணெய் வைத்துச் சீவிய தலையை,
ஒரு தடவை தடவிக்கொடுத்தாய்.
எந்த அம்மாவும் தடவுவதுதான்.
அதே கையைக் கண்ணாடியில் வைத்தாய்.

திரை யோசித்தது.
மூன்று விரல் பச்சை, சுண்டுவிரல் மஞ்சள்.
"இது போதும்" என்றான் காலம்.

எல்வின் கேமராவைப் பார்த்து
ஏழு முறை சிரித்தான்.
எட்டாவது முறை கொட்டாவி விடப்போகும் முன்
வாய் மூடிய அரை நொடியைப் பிடித்துக்கொண்டார்கள்.
இனி இந்த நாட்டுக்கு அவன்
சிரிக்காத பிள்ளை.

நாம் காகிதங்களை அடுக்கி எழுந்தபோது
காலம் திசுத்தாளால் கண்ணாடியைத் துடைத்தான்.
நின்று, மூக்கைச் சுருக்கி, மறுபடி துடைத்தான்.
அடுத்து அமரவேண்டிய பெண்
உள்ளங்கைகளை ஜீன்ஸில் தேய்த்தபடி
தன் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.