காணாத ராத்தல்

கவுந்தப்பாடிச் சர்க்கரைச் சந்தையில்
தராசு என் பொறுப்பு.
எறும்புக்கு மட்டும் கடை திறந்திருக்கும் ராத்திரி நேரத்தில்
கம்பவுண்டர் அத்தப்பன் வருவார்.
ஒரு கையில் தூக்குப்போசி,
மறு கையில் மூடி போட்ட கலயம்.
கலயத்தில் என்ன என்று முதல் நாள் கேட்டேன்.
அப்புறம் கேட்கவில்லை.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு
வெல்லப் பிசுக்கு ஒட்டும் பலகைமேல் ஏறுவார்.
நான் குண்டை நகர்த்தி முடிக்கும்வரை
மூச்சைப் பிடித்து நிற்பார்.
மூச்சுக்கும் எடை உண்டாம்.

இத்தாலி தேசத்தில் ஒருத்தர்,
முந்நூறு வருசத்துக்கு முந்தி,
தராசில் நாற்காலி தொங்கவிட்டு
அதில் உட்கார்ந்தே சாப்பிட்டாராம்.
முப்பது வருசம்.
உள்ளே போனதை நிறுத்தார், வெளியே வந்ததை நிறுத்தார்,
கணக்கு உதைத்தது.

இவருக்கும் உதைத்தது.
கம்மஞ்சோறு, மோர், கொள்ளுப்பருப்பு, தண்ணீர்
எல்லாம் சேர்த்து உள்ளே ஐந்து ராத்தல்.
கலயத்தில் மூன்று.
ஆளோ நேற்று இருந்த அதே எடை.
மிச்சம் இரண்டு ராத்தல் எந்த வழியாகப் போயிற்று?
நோட்டில் அதற்கென்று ஒரு பத்தி விட்டிருந்தார்.
தலைப்பு: காணாதது.

பதினாலு மாதம்.
ஒரு மாதம் களி மட்டும்.
ஒரு மாதம் உப்பில்லாமல்.
சித்திரை வெயிலில் கட்டிலைவிட்டு இறங்காமல் மூன்று நாள்,
மார்கழியில் வாய்க்காலுக்குள் கழுத்துவரை ஒரு விடியல்.
சோத்தை நிறுத்துத் திங்கிறவனோடு பொழைக்க முடியாதென்று
சம்சாரம் அரச்சலூர் போனாள்.
தை நோம்பிக்குத் திரும்பி வந்தாள்.
நடுவில் சர்க்கார் ராத்தலை எடுத்துவிட்டுக் கிலோவைக் கொடுத்தது.
கம்பவுண்டர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.
பழைய குண்டுகளைச் சாக்குக்கடியில் ஒளித்துவைத்தேன்,
அவருக்காக மட்டும்.

மூட்டைமேல் படுத்திருந்த சடையன்
ஒரு ராத்திரி எழுந்து உட்கார்ந்தான்.
"அது வேர்வைங்க. இதுக்கெதுக்குங்க நோட்டு?"
"வேர்க்காத மார்கழியிலும் போகுதேடா."
"அப்ப மூச்சுங்க.
எங்கூட்டு எருமை காத்தால மூச்சுட்டா
பொகையாட்ட வருதே."
கம்பவுண்டர் பேனாவைக் கீழே வைத்தார்.
"என்னையும் ஒருநா நிறுங்க" என்றான் அவன்.

சனிக்கிழமை விடியலில் நூற்றுப் பதினெட்டு.
பகலெல்லாம் கம்பவுண்டர் அவன் பின்னாலேயே திரிந்தார்
கலயத்தோடு.
சந்தையே சிரித்தது.
உள்ளே பத்து, கலயத்தில் இரண்டு.
நூற்று இருபத்தாறு இருக்க வேண்டியவன்
விளக்கேற்றும்போது நூற்றுப் பதினைந்து.
பதினொரு ராத்தல்!
பதினாலு மாதத்தில் அந்தப் பத்தியில்
இரட்டை இலக்கம் விழுந்தது அன்றைக்குத்தான்.

சடையன் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தான்.
"ஏனுங்க, மூட்டை தூக்கினதுக்குக் கூலி வாங்கிட்டனுங்க.
இந்தப் பதினொண்ணுக்கு
ஆருங்க குடுக்கறது?"

கேலியாகத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன்.
கம்பவுண்டர் நோட்டை மூடினார்.

அடுத்த சனிக்கிழமை அவர் தலையில் சும்மாடு.
ஐம்பத்திரண்டு வயது, ஊசி பிடித்த கை.
எட்டாவது மூட்டையில் கால் மடங்கிற்று.
யாரும் சிரிக்கவில்லை.
சடையன் நீச்சத்தண்ணி கொண்டுவந்து நீட்டினான்.
வாங்கினவர் குடிக்கவில்லை,
தராசைக் காட்டிக் கையை ஆட்டினார்,
முதலில் இதை நிறு என்று.

அரை ராத்தல் இருந்தது. எழுதிக்கொண்டேன்.
அவர் காணாத பத்தியில் அன்று நாலு,
பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே:
கூலி, எட்டு மூட்டைக்கு, பெற்றுக்கொண்டேன்.

நான் தராசுக்காரன்.
மூட்டைக்கு ஒரு ராத்தல் கழிவு என்று
வியாபாரிக்காக வெட்டி எழுதுவது என் வேலை.
அது எங்கே போகிறதென்று எனக்குத் தெரியும்,
ஒருநாளும் காணாமல் போனதில்லை.
அன்றைக்குக் கடைசி வண்டி வந்தபோது
பேனா கொஞ்சம் நின்றது.
வண்டிக்காரன் என்னையே பார்த்தான்.

பிறகு வெட்டினேன்.