சும்மாடு

ஹோ நகரிலிருந்து விடியுமுன் புறப்பட்ட வேனில்
அம்மா மடியில் கோழிக்குழம்புத் தூக்கு.
அப்பா மடியில் அப்பாவின் தொப்பி.
கடைசி வரிசையில் நான்,
யாருடையதோ ஓர் ஆட்டுக்குட்டியோடு.

அக்ராவில், பல்கலைக்கழக வாசலில்
எலிக்கெம் அண்ணன் நின்றிருந்தான்.
இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.
வாங்க என்று சொல்லி முடிக்குமுன்னே
நடக்கத் தொடங்கிவிட்டான்,
வகுப்புக்கு நேரமாகிவிட்டவனைப் போல.

இது நூலகம். இது சட்டத்துறை.
அதோ, அந்த மணிக்கூண்டுக்குப் பின்னால் எங்கள் துறை.
சிவப்பு ஓட்டுக் கூரைகளை அவன் காட்டக் காட்ட
அப்பா ஒவ்வொன்றுக்கும் தொப்பியைக் கழற்றினார்.
படிக்கட்டில் ஆரஞ்சுத் தலை ஓணானொன்று
தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது.
"இது எத்தனாவது வருஷம் படிக்குது?" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

உள்ளே போய்ப் பார்க்கலாமா என்றாள் அம்மா.
அட்டை வேண்டும், அறையில் இருக்கிறது.
அப்படியானால் அறைக்கே போகலாமே.
கூட இருப்பவனுக்குக் காய்ச்சல்.

புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.
அண்ணன் எலும்பைக்கூட விடவில்லை.
சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில்
என் இரண்டு விரல் போகும்.

போகிற வழியில்
மதீனா சந்தையில் வெங்காயம் எடுக்கணும் என்றாள் அம்மா,
எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு, மூட்டையாக.
"அங்கே வேண்டாம்மா, ஒரே சேறு."
"நான் பார்க்காத சேறா?"

தட்டுத் தட்டாய்ப் புகையில் கறுத்த மீன்.
பழைய விஸ்கி பாட்டில்களில் பனையெண்ணெய்.
ஒன்றின் மேல் ஒன்று ஏறி
மெதுவாகத் தப்பித்துக்கொண்டிருந்த ஒரு கூடை நத்தைகள்.
ஓர் ஒலிபெருக்கியில் எலிமருந்து, பக்கத்து ஒலிபெருக்கியில் ஜெபம்.
கைவண்டிக்காரன் ஒருவன் போகிறபோக்கில்
அண்ணன் முதுகில் தட்டிவிட்டுப் போனான்.
ஆள் மாறிவிட்டது என்றான் அண்ணன்.

வெங்காயக்காரி ஹாஜியா ரஹினத்து
கோலாக்கொட்டை மென்ற வாயோடு நிமிர்ந்தாள்:
"எட்டு மூட்டை இன்னும் லாரியிலே கிடக்குது.
இன்னைக்கு என்னடா மாப்பிள்ளை வேஷம்?"

அப்பா தொப்பியைச் சரிசெய்தார்.
அது சரியாகத்தான் இருந்தது.
அம்மா வெங்காய விலை கேட்டாள்.
அற்பக் காசுக்காக அரைமணி நேரம் சண்டை போட்டாள்,
அழுகல் என்றாள், ஈரம் என்றாள், தராசைக் குறை சொன்னாள்.
அவ்வளவு நேரமும் அண்ணன் பக்கம்
திரும்பாமலிருக்க அது போதுமாயிருந்தது.

காசைக் கொடுத்தபின் மூட்டை மட்டும் மீதி.
அப்பா குனிந்தார். அண்ணன் முந்திக்கொண்டான்.
அம்மா இடுப்பிலிருந்து மேல்துணியை அவிழ்த்தாள்,
முறுக்கினாள், வளைத்தாள்,
சும்மாட்டை அவன் தலையில் வைத்தாள்.

"அப்படி இல்லம்மா. இன்னும் கொஞ்சம் பின்னால."

அன்று முழுக்க அவன் சொன்னதில்
நாங்கள் நம்பிய முதல் வாக்கியம்.

வேன் நிற்குமிடம் வரை அவனே முன்னால் நடந்தான்.
கூட்டம் தானாக விலகியது.
கழுத்து அசையவில்லை, வெள்ளைச் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியது.
எத்தனை மாதமாக என்று யாரும் கேட்கவில்லை.
அப்பா கேட்டது ஒன்றுதான்: மூட்டைக்கு எவ்வளவு?
மூன்று மூட்டை தூக்கினால் ஒருவேளைச் சாப்பாடு என்றான்.
அப்பாவின் உதடுகள் கணக்குப் போட்டன,
முடிக்காமல் நின்றன.

வேன் நகர்ந்தபோது
ஜன்னல் வழியே தொப்பியை அவனிடம் நீட்டினார்.
வெயிலுக்கு, என்றார்.

இருட்டிவிட்டிருந்தது.