தண்ணீர் போன தூரம்

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு:
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
சாமியில்லாத கோவில்.
கோவிலுக்குச் சாமி வந்துவிட்டார்.
ஆறும் அவ்வப்போது வருகிறது, மனசிருந்தால்.
நாலாவதாக ஒன்றைச் சேர்த்து
ஏழு வருஷம் ஓட்டினேன் நான்:
பாலிசி இல்லாத கடை.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு.
டயர்க் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே
இரண்டு ஷட்டர்.
உள்ளே பதினாறு குழல்விளக்கு,
கீறல் ஒளிய இடமிருக்கக் கூடாதென்று.
பானட்டின் பூச்சு நூற்றுச் சொச்சம் மைக்ரான்.
மெஷின் வைக்குமுன் மீட்டர் வைத்து அளப்போம்,
நானும் இதாயத்தும்.
கதவு விளிம்பில் இன்னும் மெல்லிசு,
அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவான்.
எனக்கும் நஷ்டத்துக்கும் நடுவே
எவ்வளவு தடிமன் என்று
அளக்க மீட்டர் வாங்கவில்லை.

பிரபாவதி மூன்று முறை வந்தார்,
ஒரு முறை ஹெல்மெட்டைக் கழற்றாமலே.
"கையில இருக்கிற வண்டிக்கு ஒண்ணு, சார்.
வாசல்ல வழுக்கி விழறவங்களுக்கு வேற ஒண்ணு.
ஒண்ணை எடுத்துட்டு
ரெண்டும் இருக்குன்னு நெனைச்சுக்காதீங்க."
வருஷத்துக்குப் பதினோராயிரத்துச் சில்லறை.
வண்டிக்காரன் இன்சூரன்ஸ் வைத்திருக்கிறானே என்றேன்.
சிரித்தார். "அது அவரு தப்புக்கு."
அந்த மாதம் நான் வாங்கியது
ஒரு ஜெர்மன் பாலிஷர்.

கத்திரி முடிந்த வாரம், காலை எட்டரை.
சித்தூர் நம்பர் இன்னோவா.
ஆஸ்பத்திரிக்கு யாரையோ கொண்டுவந்தவர்கள் விட்டுப்போனது;
பின்சீட்டில் வாந்திக் கறை,
சீட்டுக்கடியில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு.
செருப்பை அலமாரியில் வைத்துவிட்டு
இதாயத் நுரை அடித்தான்.
நுரை படியிறங்கியது,
டயர்க் கடையைத் தாண்டியது,
வெயிலில் ஊதாவும் பச்சையுமாய்
ரோட்டுக்கு வந்து படுத்துக்கொண்டது.
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஸ்கூட்டி விழுந்த சத்தம் பெரிதில்லை.
"இன்னாச்சு, இன்னாச்சு" என்று
மாவுக் கையோடு ஓடிவந்தார் பரோட்டாக்காரர்.
நைட் ட்யூட்டி முடிந்து போகிற பெண்.
லேபில் ரத்தம் எடுக்கிறவர் என்பது பிறகு தெரிந்தது;
அந்த வலது மணிக்கட்டால்தான் என்பதும்.
ரோட்டில் உட்கார்ந்தபடி
சுடிதாரில் ஒட்டிய நுரையைப் பார்த்தார்.
"இந்தத் தண்ணி ஒங்களுதா?"

"பாத்து ஓட்டக் கூடாதாம்மா?"
என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.
எத்தனை முறை தேய்த்தாலும்
போகவில்லை அது.

டேங்கர் எண்ணூறு ரூபாய்.
ஒரு சொட்டு விடாமல் என்னுடையது.

ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ,
பதினோரு வாரச் சம்பளம்.
அவர் அண்ணன் சத்தம் போடவில்லை,
வக்கீலின் கார்டை
வேக்ஸ் டப்பா மேல் வைத்துவிட்டுப் போனார்.
கம்ப்ரஸர் ராணிப்பேட்டைக்குப் போனது,
ஜெர்மன் பாலிஷர் பாதி விலைக்கு.
ஒரு ஷட்டரைச் சாத்தினேன்.
இதாயத் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போனான்,
"ரெண்டே மாசம்ண்ணா, வந்துட்றேன்" என்று.
அவன் வேலைக்கும் சேர்த்துத்தான் அந்தப் பதினோராயிரம் என்று
அப்போது எனக்குக் கணக்குத் தெரியவில்லை.
எமிலி ஞானசெல்வம் என்ற பெயரை
பில்லில்தான் முதலில் படித்தேன்.
பாலிசி இருந்திருந்தாலும் எலும்பு உடைந்திருக்கும்.
ஆனால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்
அவர் முகத்தைப் பார்த்திருப்பேன்,
பில்லின் அடிவரியை அல்ல.

நேற்று பிரபாவதி மறுபடி வந்தார்,
நான் கூப்பிட்டு.
விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
தொழில் நடக்கும் இடத்தின் பரப்பு.
முந்நூற்று இருபது சதுர அடி என்று எழுதிவிட்டு
பேனாவை மூடவில்லை.
ஒரு வாளித் தண்ணீரைப் படியில் ஊற்றினேன்.
டேப்பின் நுனியை அவரிடம் கொடுத்துவிட்டு
தண்ணீரின் பின்னாலேயே நடந்தேன்,
டயர்க் கடை தாண்டி,
வேகத்தடை தாண்டி.
முப்பத்தொன்பது அடி.
இன்னும் போய்க்கொண்டிருந்தது.