கால் வேகம்

செங்காங்கில் ஒரு கூட்டுரிமை வீட்டின் காவலறை.
அதிகாலை மூன்று நாற்பது.
சுவரில் பதினாறு கட்டமாய்ப் பிரிந்த திரை.
பிஸ்கட் டின்மேல் சாய்த்துவைத்த என் கைப்பேசி
பதினேழாவது கட்டம்:
பிற்பகல் வெயில் காயும் ஏதோ ஊரில்
அரையிறுதி.

முற்பாதியில் ஒரு கோல் வந்து, போயிற்று.
வலை வீங்கி, எதிர் பிளாக்கில் எவரோ கத்தி,
அடித்தவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றி முடித்த பிறகு
நீலக்கோடு ஒன்று, சிவப்புக்கோடு ஒன்று.
அக்குள் முந்திவிட்டதாம்.
வெட்டி எறிந்த நகமளவு.
வாயில் தடுப்பருகே நின்ற காசிம் அண்ணன்
சன்னலுக்குள் தலையை விட்டுக் கேட்டார்:
"அக்குளால கோல் போட்டவன் உலகத்துல
எவனாச்சும் இருக்கானா, ரெஜினா?"
சிரித்தேன்.
கோப்பி ஓ சீருடையில் சிந்தியது.

இப்போது எண்பத்தெட்டாம் நிமிடம்.
பந்து தற்காப்பாளன் கையில் பட்டது.
பட்டதா, கை போய்த் தொட்டதா?
நடுவர் காதில் விரல் வைத்தார்.
காதில் விரல் வைத்த ஒரு மனிதர் முன்
எழுபதாயிரம் பேர் வாயடைத்து நிற்கிறார்கள்.
பிறகு ஓடுகிறார், கோட்டோரத் திரையில்
குனிந்து பார்க்க.

அந்தக் குனிவு எனக்குத் தெரியும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கால் வேகத்தில் ஓட்டுகிறார்கள்.
பாகில் கிடப்பதுபோல் நகர்கிறது கை.
பந்து வருவதை அந்தக் கை பார்க்கிறது,
யோசிக்கிறது,
முடிவெடுக்கிறது.
முழு வேகத்தில் அது வெறும் கை,
விழாமலிருக்கக் காற்றைப் பிடித்த கை.
கால் வேகத்தில் அதற்கு ஒரு மனசு முளைத்துவிடுகிறது.

ஆகஸ்டில் ஒன்பதாம் மாடியில் ஒரு பொட்டலம் காணவில்லை.
பதினோராம் கேமரா. துப்புரவு பார்க்கும் ரஃபிக்குல்.
நிர்வாகக் குழுவின் திரு. யோங்
என் நாற்காலிக்குப் பின்னால் நின்று
மெதுவாக, இன்னும் மெதுவாக என்றார்.
ரஃபிக்குல் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார்.
குனிந்தார். கை நீண்டது,
நீண்டது,
நீண்டுகொண்டே போனது.
நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.
அறிக்கைக்காக அந்தக் கையைச் சுற்றிச்
சிவப்பு வட்டம் போட்டது நான்தான்.
முதல் வட்டம் கோணலாக வந்தது,
அழித்துவிட்டு இன்னொன்று.

அவரை வேறெங்கோ மாற்றிய மறுவாரம்,
நேரம் போகாத ஒரு ராத்திரியில்
அதையே முழு வேகத்தில் ஓட்டினேன்.
மூன்றே நொடி.
சாரலில் நனையும் பெட்டியைச் சுவரோரம் தள்ளுகிறார்,
கையைக் கால்சட்டையில் துடைக்கிறார், போகிறார்.
தீர்ப்பைத் திருப்ப எந்தப் பொத்தானும்
என் மேசையில் இல்லை.
தேடினேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன்.

நடுவர் திரும்பி வருகிறார்.
காற்றில் ஒரு சதுரம் வரைகிறார்,
பெனால்டிப் புள்ளியைக் காட்டுகிறார்.
காசிம் அண்ணன் அவருடைய பரம்பரையை விசாரிக்கத் தொடங்குகிறார்.
தற்காப்பாளன் வாதாடவில்லை.
தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்,
யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் போல.

அதற்குப் பிறகு பெட்டிக்குள் பந்து வரும்போதெல்லாம்
அவன் ஆட்கள் அத்தனை பேரும்
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடினார்கள்.
அப்படி ஓடினால் சமநிலை தவறும்.
ஒருவன் விழுந்தான்.
அதை யாரும் மறுபடி போட்டுக் காட்டவில்லை.

ஐந்தரைக்குப் புதுத் துப்புரவாளர் வந்தார்.
பெயர் இன்னும் கேட்கவில்லை.
ஒன்பதாம் மாடியில், ஒரு கதவோரம், மூன்று பொட்டலம்.
துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு
இரு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடி
அவற்றைக் கடந்து போகிறார்,
பதினோராம் கட்டத்தில்,
முழு வேகத்தில்.