மூன்றாவது பெயர்

அழைத்தவள் சிஸ்டர் நோம்புலெலோ.
ஆர்.கே.கான் மருத்துவமனை, ஆண்கள் வார்டு.
"படையாச்சிக்கு நீங்கள் என்ன உறவு?"
பதினோரு வருஷமாக அந்தக் கேள்விக்கு
நான் சேர்த்து வைத்திருந்த விடை எதுவும்
அவள் படிவத்தின் கட்டத்துக்குள் அடங்காது.
"தெரிந்தவர்" என்றேன்.

அவர் பர்ஸில் ஒரு அட்டை இருந்ததாம்,
ஓரம் நைந்து.
எனக்கு ஏதாவது ஆனால்
வீட்டில் ஓர் உயிர் காத்திருக்கும்.
கீழே உள்ளவர்களைக் கூப்பிடவும்.

முதல் பெயர் அவர் தம்பி. அடித்திருந்தது.
பெர்த்துக்குக் குடிபோய்விட்டான்.
அடுத்தது எதிர்வீட்டு மூட்லி. அதுவும் அடித்திருந்தது.
கொரோனா, இரண்டாம் அலை.
மூன்றாவது நான்.
போன் எண்ணை நான் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.
இரண்டு முறையும் திருத்தியிருக்கிறார்,
யாரிடம் கேட்டாரோ.

பெருமைப்படுவதா,
ஆள் தட்டுப்பாடு என்று விட்டுவிடுவதா.

சாட்ஸ்வொர்த், மூன்றாம் யூனிட்.
சாவி மூலைக்கடை நசீமாவிடம்.
நான் விட்டுப்போன வீட்டின் கம்பிக் கதவுக்குப் பின்னால்
இரண்டு நாள் பட்டினியோடு
பழுப்பு நிறத்தில் ஒரு சந்தேகம் நின்றிருந்தது.
நசீமா வேலிக்கு மேலே வீசிய ரொட்டி
அப்படியே கிடந்து எறும்பு மொய்த்தது.

"வாடா" என்றேன்.
"கம்" என்றேன்.
பல்லைக் காட்டியது.
கடையிலிருந்தே கத்தினாள் நசீமா,
"அதுக்கு ஜூலுதான் புரியும், ஆன்ட்டி!"

பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் ம்கீஸே வளர்த்ததாம்.
வேலை முடிந்து நொங்கோமாவுக்குத் திரும்பும்போது
டாக்ஸியில் நாயை ஏற்ற விடவில்லை.
"ஒரு மாசம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று
இவரிடம் விட்டுப்போனது
நாலு வருஷத்துக்கு முன்னால்.

"வோஸா" என்றேன், கூச்சத்தோடு.
வந்தது.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தண்ணீர் பில்.
அதன் பின்பக்கத்தில்,
சனிக்கிழமைப் பள்ளியில் கற்ற அவரது கோணல் தமிழ்:

பெயர் டேஞ்சர். பெயர் மட்டும்தான்.
காலையில் மீலிக் களி, உப்பில்லாமல்.
இடது காதில் சொட்டு மருந்து, ராத்திரி.
குரங்கு வந்தால் குரைப்பான். மாம்பழம் போனால் போகட்டும்.
இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போவான்.
இழுக்காதே. பக்கத்தில் உட்கார்.

இழுக்காதே. உட்கார்.
பால்காரனையும் "நீங்கள்" என்கிற மனுஷன்.
தெருவில் வேறு யாருக்கும்
படிக்கத் தெரியாத எழுத்து.
தண்ணீர் பில்லைத் திருப்பி
தேதி பார்த்தேன்.
போன வருஷம் மார்ச்.

என் ஃப்ளாட்டில் நாய் கூடாது,
பால்கனியில் துணி காயப்போடவும் கூடாது.
எஸ்.பி.சி.ஏ. எண்ணைத் தேடி வைத்தேன்.
ஒரே ஒரு ராத்திரி, என்று
பல்தேய்க்கும் பிரஷ் மட்டும் எடுத்துவந்தேன்.
செப்டம்பர் மழை.
பத்தரைக்கு முதல் இடி.
சிமென்ட் தரையில், கட்டிலுக்கு வெளியே நானும்
உள்ளே அவனும்.

ஞாயிறு, மூன்று மணி.
வலது பக்கம் விழுந்துவிட்டது அவருக்கு. பேச்சும்.
நாற்காலியை இடது பக்கம் போட்டேன்.
"நாய் சாப்பிடுகிறது" என்றேன்.
என்னையே பார்த்தார். நம்பவில்லை.
பிறகு இடது கை
போர்வை மேல் ஊர்ந்து
என் கார்டிகனின் கைப்பகுதிக்கு வந்தது.
இழுத்துக்கொண்டிருப்பேன்.
ஆனால் அவர் தேடியது என்னை அல்ல.
கம்பளியில் ஒட்டியிருந்த பழுப்பு முடி ஒன்றை
நகத்தால் கிள்ளி எடுத்தார்,
ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்,
தலையணை ஓரத்தில் வைத்தார்.
பிறகு இன்னொன்று.
மணி அடிப்பதற்குள் ஏழு.

அடுத்த ஞாயிறும் அதே கார்டிகன்.
துவைக்கவில்லை.
கிளம்பும்போது வாசலில் குந்தி உட்கார்ந்து,
நல்லா ஒருமுறை உரசிக்கோ என்றேன் டேஞ்சரிடம்.
அதற்கு எனக்கு ஜூலு தெரியாது.
தமிழிலேயே சொன்னேன்.