எந்தத் தையல்நாயகி?

கேனிங் ரைஸில் ஏசி எப்போதும் பதினெட்டு.
ஸ்வெட்டருக்குள் ஒடுங்கிக்கொண்டு
இறந்தவர்களைத் தட்டச்சு செய்கிறேன்.
ஆளுக்கு ஒரு வரி.
வரியின் கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி:
குறிப்பிடத்தக்கவரா? ஆம் / இல்லை.

சும்மா என் பெயரைத் தேடிப் பார்த்தது
ஒரு புதன்கிழமை, சாப்பாட்டுக்கு முன்.
பதினோரு பேர் வந்து நின்றார்கள்.
எழுத்துக்கூட்டல் மட்டும் ஆளுக்கொரு தினுசு.
குமாஸ்தாக்களின் காதில் நுழைந்த பெயர்
பேனா வழியாக வெளியேறிய
பதினோரு வழிகள்.
ஒருத்தியை ஆண் என்றே எழுதிவிட்டார்கள்.

ஒரே பெயர் பலமுறை வந்தால்
தகப்பன் பெயர், கணவன் பெயர் வைத்துப் பிரிக்கவும்
என்கிறது கையேடு.
பிரித்தேன்.
சடையன் மகள்.
முத்துக்கறுப்பன் மனைவி.
மறுபடியும் முத்துக்கறுப்பன் மனைவி.
அவளேதானா,
அவள் போன பிறகு வந்தவளா?

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பது,
போலீஸ் கோர்ட்.
தேக்கா பக்கத்துப் பால்காரி.
எருமையைச் சாலையில் திரியவிட்டதற்கு
இரண்டு வெள்ளி அபராதம்.
தீர்ப்பைக் கேட்டு ஏதோ சொல்லியிருக்கிறாள்.
மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்க மறுத்திருக்கிறார்.
'சொற்கள் பதிவுக்கு உகந்தவை அல்ல.'
பக்கத்தில் இன்னொரு வெள்ளி.

அந்தச் சொற்களுக்காக
இரண்டு நாள் ஏங்கினேன்.

செம்பவாங், கடற்படைத் தளத்துச் சலவைக்கூடம்,
ஒரு குழுப் படம்.
பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது.
சரியாக அந்த நொடியில் தலையைத் திருப்பிவிட்டாள்.
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும்.
அவளை,
அல்லது அதே பெயர்க்காரி இன்னொருத்தியை.

ஜப்பான்காரன் காலத்துப் பிறப்புப் பதிவேடு,
தஞ்சோங் பகார் ரயில் குடியிருப்பு.
தெரிவித்தவர் என்ற இடத்தில்
நாற்பத்தேழு முறை ஒரே கட்டைவிரல்.
மருத்துவச்சி தையல்நாயகி.
தகப்பன் பெயர் இல்லை. கணவன் பெயர் இல்லை.
கையேடு விழித்தது.
பிறந்த பெண்களில் ஐந்து பேருக்கு
அவள் பெயரையே வைத்திருக்கிறார்கள்.
மரவள்ளிக்கிழங்கு தின்ற வருடத்தில்
கூலியாகக் கொடுக்க
வேறென்ன இருந்தது?

போன மாதம் காலாங் பலதுறை மருந்தகம்.
மருந்து முகப்பில் பெயரைக் கூப்பிட்டாள்.
கூப்பிட்டாளா, உடைத்தாளா.
இரண்டு பேர் எழுந்தோம்.
மற்றவளுக்கு எண்பது தாண்டியிருக்கும்.
சிவப்பு டீ-ஷர்ட், க்ராக்ஸ் செருப்பு.
அடையாள அட்டையின் கடைசி நான்கைச் சொல்லி
நான் நான்தான் என்று இருவரும் நிரூபித்தோம்.
அப்படியும் பை மாறிவிட்டது.
பேருந்து நிறுத்தத்துக்கு மூச்சிரைக்க வந்து
"உன் சொறி மருந்து எங்கிட்ட இருக்கு" என்றாள்,
எல்லாருக்கும் கேட்கும்படி.
அவளுடைய சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தேன்.

அவளை நாயகி என்பார்களாம்.
என்னை அலுவலகத்தில் தையல் என்பார்கள்,
பட்டன் தைக்கக்கூடத் தெரியாதவளை.
புதிதாக வந்த வெய் லிங் அதையும் வெட்டி 'தாய்' ஆக்கி
பாங்காக்கில் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

நீங்கள் பிறந்தது தஞ்சோங் பகாரா என்று
வாயெடுப்பதற்குள்
நூற்று நாற்பத்தேழு வந்துவிட்டது.
ஏறிப் போய்விட்டாள்.

இன்று கோப்பை முடிக்க வேண்டிய நாள்.
மருத்துவச்சிக்கு ஆம் போட்டேன், யாரும் கேட்கவில்லை.
பால்காரிக்குப் போட்டதும் மேலாளர் குனிந்தார்.
"இவர் என்ன செய்தார்?"
"பேசினார்."
"என்ன பேசினார்?"
கோப்பு நாளைக்குத் தள்ளிப்போனது.

மாலை பஃப்ளோ ரோட்டில் வெண்டைக்காய் பொறுக்கும்போது
பின்னாலிருந்து ஒரு தள்ளுவண்டி
கணுக்காலில் ஏறியது.
தள்ளியவன் போனில் பேசியபடியே
போய்க்கொண்டிருந்தான்.
என் வாயிலிருந்து வந்தது
நான் படித்த சொல் இல்லை,
எங்கள் வீட்டில் புழங்கிய சொல்லும் இல்லை.
காய்க்காரர் தராசுத் தட்டைக் கீழே போட்டார்.
வரிசையில் நின்ற ஒரு சீன அம்மா,
மொழி தெரியாமலேயே,
ஆமாம் என்று தலையாட்டினாள்.

என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள்.
பதிவுக்கு உகந்தவை அல்ல.