பெரியதில் பதினாறு

தோ பாயோ சமூக மன்றம், மூன்றாம் மாடி.
பக்கத்து அறையில் ஸும்பா.
சுவர் குதிக்கக் குதிக்கப்
போன கூட்டத்தின் குறிப்பை வாசிக்கிறார் ரோஹாயா.
அறங்காவலர் ஏழு பேரில்
ஐவர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.
நால்வர் இருக்கிறோம்.
ஐந்தாமவர் பிராடல் சாலையில், பேருந்தில்,
மழைக்குள்.
அதுவரை எதையும் தீர்மானிக்க முடியாது,
கோப்பி குடிக்கலாம்.

தொண்டூழியம் என்று படிவத்தில் ஒரு சொல் இருக்கிறது.
என் கணவர் அதைச் சும்மா வேலை என்பார்,
கோபத்தில் அல்ல, மொழிபெயர்ப்பாக.
தலைவர் ஹோ பூன் கியாட் பள்ளிக்கூடத்தில்
மூன்று வருடம் ட்ரையாங்கிள் தட்டியவர்.
எங்கள் எழுவரின் மொத்த இசைஞானம் அது.
நான் பொருளாளர்.
பகலில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில்
மற்றவர்களின் உடைந்த கார்க் கண்ணாடிகளுக்கு
விலை போடுகிறவள்.

நனைந்து வந்து சேர்ந்தார் ஐந்தாமவர்.
விவகாரம்: டிம்பனி.
நான்கு செம்புக் கொப்பரைகள்,
கல்யாணத்துக்குப் பிரியாணி கிண்டலாம்.
அவற்றில் பெரியதன் தோல் கிழிந்துவிட்டது.
வாடகைக்கு எடுப்பதென்றால் லாரி,
லாரி என்றால் தூக்க இரண்டு ஆள்,
ஆள் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கூலி.
நானூற்று எண்பது வெள்ளி.
எத்தனை தடவை அடிப்பார் என்று கேட்டேன்.
சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல்
நடத்துநருக்குச் செய்தி அனுப்பினார் ரோஹாயா.
பதில் வந்தது: பெரியதில் பதினாறு.
அடி ஒன்றுக்கு முப்பது வெள்ளி,
எழுதிக்கொண்டேன்.
ஐந்து கைகள் உயர்ந்தன.
சுவருக்கு அந்தப் பக்கமும் உயர்ந்திருக்கும்.

இதர விஷயங்களில் நான் ஒன்று சொல்வதாக இருந்தேன்.
வாசிப்பவர்கள் அறுபத்திரண்டு பேர்.
மாதச் சந்தா தலைக்கு இருபது.
ஆயிரத்து இருநூற்று நாற்பது வரவேண்டும்.
பதினொரு மாதமாக
ஆயிரத்து இருநூற்று எண்பது வருகிறது.
குறைந்தால் தேட எனக்குத் தெரியும்,
அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன், வேறிடத்தில்.
கூடினால் யாரைப் பிடிப்பது?
இரண்டு உறைகள் மிச்சம். பெயர் இல்லை.
ஒன்றின் மூலையில் பென்சிலால்
'இரண்டாம் வயலின், கடைசி மேசை.'
பிரித்தபோது விரலில் ஒட்டியது
வில்லுக்குப் பூசும் பிசின்தூள்.
அந்த மேசையில் இருந்தவர்கள் தாதியர் இருவர்.
இரவுப் பணிக்குப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.
பட்டியல் மாறினால் வருகிறோம் என்றார்கள்.

சொல்லவில்லை.
சொன்னால் குறிப்பில் ஏறும்,
ஏறினால் தணிக்கையாளர் பெயர் கேட்பார்.
அரங்கத்துக்காரர்கள் அனுப்பிய படிவத்தில்
மேடை நாற்காலி எத்தனை என்ற கட்டத்தில்
அறுபத்துநான்கு என்று நிரப்பினேன்.

ஞாயிறு மாலை
டிக்கெட் அடிக்கட்டைகளோடு கதவுக்கு வெளியே.
ஐந்து வருடத்தில் ஒரு கச்சேரியையும்
உள்ளே உட்கார்ந்து கேட்டதில்லை.
கதவு வடிகட்டித் தருவதே என் சிம்பொனி,
செல்லோ வரும்
புல்லாங்குழல் வராது.
இடைவேளையில் ஹோ வந்தார்:
பின்னால் இரண்டு நாற்காலி காலியாக இருக்கிறதே?
கணக்கில் இருக்கிறது என்றேன்.
கணக்கு என்று சொல்லிவிட்டால் மேலே கேட்க மாட்டார்.
இம்முறை கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

காலையில் முரசை இறக்கும்போது
அழகப்பனிடம் சொல்லியிருந்தேன்,
பதினாறே அடிக்காக வந்திருக்கிறது, பார்த்து இறக்குப்பா.
எல்லாம் முடிந்து
பின்வாசலில் லாரி முனகிக்கொண்டிருக்க
வியர்வையைத் துடைத்தபடி வந்தான்.
'அக்கா, ஓரமா நின்னு எண்ணிப் பாத்தேன்.
பதினேழு.'

நடத்துநர் தப்பாகச் சொன்னாரோ,
அடித்தவர் ஆசையில் ஒன்று கூட்டினாரோ.
லாரியின் பின்பலகையில் நோட்டை வைத்து
முப்பதை அடித்துவிட்டு எழுதினேன்:
இருபத்தெட்டு வெள்ளி
இருபத்துநான்கு காசு.